ஜோதியம்மாள் பணியில் உள்ள வரை

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் நாராயணப்பன் அவர்களே, குழுவின் உறுப்பினர்களே, டாக்டர் ஐயா அவர்களே, ஓசூரிலிருந்தும் சுற்று வட்டத்திலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

முதலில் ஒரு முக்கியமான செய்தியைச் சபைக்கு அறிவிக்கும்படி எனக்கு உத்தரவு. நமது பூரணம்மாள் தர்ம ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழு, இந்த வாரம் செவ்வாய்க்கிழமையும் மறுபடி வியாழக்கிழமையும் கூடி, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் உட்கார ஜமக்காளம் விரிப்பதா, பெஞ்சு போடுவதா என்ற கேள்வியை எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்தது. ஜமக்காளமே நம் மரபு என்றார்கள் மூவர். பெஞ்சே காலத்துக்கு ஏற்றது என்றார்கள் மூவர். தலைவர் அவர்கள் தமது சிறப்பு வாக்கை அளித்து, முன்பக்கம் ஜமக்காளம், பின்பக்கம் பெஞ்சு என்று தீர்த்துவைத்தார். தீர்மானம் ஏழு கையெழுத்துகளோடு பதிவாகியிருக்கிறது. ஐந்நூறு பேர் வருவீர்கள் என்பதைத் தீர்மானம் எதிர்பார்க்கவில்லை. அதனால் நீங்கள் மண்ணில் உட்கார்ந்திருக்கிறீர்கள். குழுவின் சார்பில் நன்றி.

நண்பர்களே! பதினான்கு ஆண்டுகள் இந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸாக இருந்த ஜோதியம்மாள் அவர்கள் சென்ற வாரம் வெள்ளிக்கிழமை காலை காலமானார். நான் இங்கே தலைமைக் குமாஸ்தா. எனக்குக் கீழே வேறு குமாஸ்தா கிடையாது. ஆனாலும் பதவி அதுதான். பதினான்கு ஆண்டுகளும் அவருடைய மேஜைக்கும் என்னுடைய மேஜைக்கும் நடுவே ஒரு மரத் தடுப்புதான் இருந்தது. அவர் யாரைத் திட்டினாலும் முதலில் எனக்குத்தான் கேட்கும்.

எப்பேர்ப்பட்ட திட்டு! மாலை நான்கு மணிக்கு அவர் மணி அடித்தால் உறவினர்கள் வார்டுக்குள் வரலாம். ஆறு மணிக்கு அடித்தால் வெளியேற வேண்டும். நான்குக்கு ஒரு நிமிஷம் முன்னே ஒரு கால் வாசலைத் தாண்டினால், “அந்தக் காலை எடு. அது யாரோட கால்?” என்பார். காலுக்கு உரியவர் பின்வாங்குவார். அந்த நாளில் உறவினர்கள் எல்லாரும் வெளியே புங்கமரத்தடியில் மூன்று கல் கூட்டிக் களி கிண்டிக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். நோயாளியை ஒப்படைத்துவிட்டால் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். உறவுக்கு உள்ளே என்ன வேலை? இதுதான் நமது விதி. இந்த விதியை ஜோதியம்மாள் அவர்களைவிடக் கடுமையாக நடத்தியவர் எவரும் இல்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் அவரே எழுந்து வந்து திருத்துவார்.

பிறகு எப்படி மாறினார்? அதைச் சொல்லத்தான் நான் நிற்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வெங்கடப்பன் என்பவரை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். விறகு பிளக்கும்போது கோடாலி காலில் இறங்கியிருந்தது. நல்ல காய்ச்சல். கூட வந்தவர் அவருடைய மனைவி ரங்கம்மா ஒருவர்தான். அவர் டாக்டர் ஐயாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “போன வருசம் வேற ஊர்ல ஒரு ஊசி போட்டாங்க சாமி. மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கி, மூச்சே நின்னு போச்சு. ரெண்டு நாள் பொழைப்பாரா மாட்டாரான்னு இருந்தாரு. அந்த ஊசி மட்டும் வேணாம்.” டாக்டர் ஐயா விசாரித்து, அது பென்சிலின் என்று அறிந்து, ‘பென்சிலின் கூடாது’ என்று சிவப்பு மையில் அட்டையில் எழுதினார். அட்டையை நான்காம் எண் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினோம். ஆஸ்பத்திரி தன் கடமையைச் செய்துவிட்டது.

ஆனால், சகோதரர்களே, அந்தக் கட்டில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது? நமது ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஆறு கட்டில்கள் வடக்குச் சுவரை ஒட்டி, ஆறு தெற்குச் சுவரை ஒட்டி. வடக்கு வரிசையில் படுத்தால் தலை வடக்கே இருக்கும். நம் ஊரில் உயிரோடு இருக்கிற எவன் வடக்கே தலை வைத்துப் படுப்பான்? தலையணையைக் கால்பக்கம் மாற்றிப் போட்டுப் படுத்தவர்களை ஜோதியம்மாள் அவர்கள் திட்டித் திருப்பினார். தலையணை சுவர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நோயாளிகள் ஆலோசித்து, யாருக்கும் தெரியாமல் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தலையைத் திருப்பினால்தானே திட்டு? ஆளையே மாற்றிவிட்டால்? வடக்கு வரிசைக்காரரும் தெற்கு வரிசைக்காரரும் அரை நாளுக்கு அரை நாள் கட்டில் மாற்றிப் படுத்துக்கொண்டார்கள். அட்டைகள் அந்தந்தக் கட்டிலிலேயே தொங்கின. இந்த ஏற்பாடு எத்தனை மாதம் நடந்ததோ தெரியாது. எந்தக் குழுவும் கூடாமல், எந்தத் தீர்மானமும் போடாமல் இவ்வளவு ஒழுங்காக நடந்த வேறு காரியத்தை நான் இந்தக் கட்டடத்தில் கண்டதில்லை.

வெங்கடப்பனுக்குக் காய்ச்சல் ஏற, மாலை நேரத்தில் உள்ளே வந்த ரங்கம்மா, வடக்கே கிடந்த புருஷன் தலையைப் பார்த்துப் பதறினார். எதிர் வரிசையில் பத்தாம் எண் கட்டிலில் சளிக் காய்ச்சலோடு கிடந்த ராமப்பன் என்பவரிடம் கேட்டார். ராமப்பன் தங்கமான மனிதர். “அதுக்கென்ன தங்கச்சி, நாளைக்கு நான் அங்கே போய்ப் படுத்துக்கறேன். எனக்குத்தான் குணமாயிட்டு வருதே” என்றார். ராமப்பனுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி. அது அவருடைய அட்டையில் தெளிவாக எழுதியிருந்தது. பத்தாம் எண் கட்டிலில்.

மறுநாள் பகல் இரண்டு மணி. கட்டில் கால் ஒன்று ஆடுகிறது என்று பார்க்க நான் வார்டுக்குள் போயிருந்தேன். ஜோதியம்மாள் அவர்கள் ஊசியோடு வந்தார். பத்தாம் எண்ணில் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருவர். அட்டையைப் படித்தார். “ராமப்பா, கையை நீட்டு” என்றார். கம்பளிக்குள்ளிருந்து கை நீண்டது. வெள்ளை உடுப்பு போட்டவர் கேட்டால் கையை நீட்டுவதுதான் மரியாதை. பேர் சரியா என்று பார்ப்பது மரியாதை இல்லை. உண்மையான ராமப்பன் பின்பக்கம் கை கழுவப் போயிருந்தார். மற்றப் பத்து பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாயைத் திறந்தால் கட்டில் மாற்றிய குட்டு வெளியாகும், நர்ஸம்மா திட்டுவார். திட்டு நிச்சயம், சாவு நிச்சயம் இல்லையே! அதனால் பேசாமல் இருந்தார்கள்.

அப்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு குரல்.

“அம்மா! அம்மா! போடாதீங்க!”

ஜோதியம்மாள் திரும்பவில்லை. “மணி நாலு ஆகலே. ஜன்னலை விட்டுப் போ.”

“அது ராமப்பண்ணன் இல்லீங்கம்மா!”

“அட்டையிலே ராமப்பன்னு எழுதியிருக்கு. உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க. எங்கூட்டுக்காரரைத் தெரியுங்க.”

அப்போதுதான் அவர் கை நின்றது. “சரி, உன் வீட்டுக்காரர் பேர் என்ன? சொல்லு.”

ரங்கம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. தாய்மார்களே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்களோ, அந்தப் பேரை அவன் ஆயுசைக் காப்பாற்றச் சொல்ல வேண்டும்!

“மலைமேல நிக்கிற சாமி பேருங்க” என்றார்.

“எந்த மலை? இந்தப் பக்கம் மலைக்கு ஒரு சாமி நிக்குது. பேரைச் சொல்லு, இல்லேன்னா நான் அட்டைப்படிதான் போடணும்.”

ரங்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: “வெங்கடப்பன்! வெங்கடப்பன்! வெங்கடப்பன்!”

கம்பளி விலகியது. காய்ச்சலில் சிவந்த ஒரு முகம் வெளியே வந்து கேட்டது: “எவடி அவ, என் பேரைக் கூப்பிடறது?”

வார்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஜோதியம்மாள் அவர்கள் ஊசியைத் தட்டில் வைத்தார். தட்டு கிணுகிணுவென்று சத்தம் போட்டது. பிறகு வாசலுக்குப் போனார். மணி இரண்டு பத்து. “உள்ளே வாம்மா” என்றார். ரங்கம்மா வரப் பயந்தார். போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, புருஷன் பக்கத்தில் தம்முடைய நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்.

அன்று மாலையே தம்மேல் தாமே ஒரு புகார் எழுதி, மரத் தடுப்புக்கு மேலாக என்னிடம் நீட்டினார். ‘நான் தவறான நோயாளிக்கு ஊசி போட இருந்தேன். நோயாளியின் மனைவி தடுத்தார். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் உறவினர் கூட இருக்க அனுமதி வேண்டும்.’

“அம்மா, வேண்டாம். யாருக்கும் தெரியாதே” என்றேன்.

“பத்துப் பேருக்குத் தெரிஞ்சிருந்தது, குமாஸ்தாரே. ஒருத்தரும் சொல்லலே. என்கிட்ட பயம். அதையும் சேர்த்து எழுதணுமா?” என்றார்.

நிர்வாகக் குழு கூடியது. நிலைமையை ஆழ்ந்து பரிசீலித்தது. வெளியாள் ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்திச் சிகிச்சைக்கு இடையூறு செய்திருப்பதால், எல்லா ஜன்னல்களுக்கும் கம்பி வலை அடிக்கலாம் என்ற யோசனை வந்தது. வலை அடிக்க ஆள்கூடப் பார்த்தாயிற்று. ஜோதியம்மாள் அவர்களைக் கூப்பிட்டார்கள்.

“வலை இருந்திருந்தா அன்னிக்கு அவர் செத்திருப்பார்” என்றார் அவர்.

தலைவர் அவர்கள் பொறுமையாக விளக்கினார். உறவினர் உள்ளே வந்தால் கூச்சல் வரும், வெற்றிலை எச்சில் வரும், களியும் கீரைக் குழம்பும் வரும்.

“வரும். நான் பெருக்கறேன்.”

“நோயாளிக்கு ஆகாததையெல்லாம் திங்கக் குடுப்பாங்களே?”

“குடுப்பாங்க. பக்கத்திலே இருந்தா என்னத்தைக் குடுக்கறாங்கன்னு நான் பார்ப்பேன். மரத்தடியிலே இருந்தா எப்படிப் பார்க்கறது? ஐயா, எனக்கு ரெண்டு கண்ணு, பன்னிரண்டு கட்டில். எனக்கு அட்டை தெரியும். அவங்களுக்கு ஆளைத் தெரியும்.”

“ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?”

“நான். அன்னிக்கே என்னை அனுப்பிடலாம்.”

கலியாணம் செய்துகொள்ளாதவர், திருப்பத்தூரில் இருந்த ஒரே அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வேலையை விட்டால் அவருக்குப் போக இடம் கிடையாது. அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். சொன்னவருக்கும் தெரியும்.

ஆகவே தீர்மானம் நிறைவேறியது. அதை எழுதியவன் நான். ‘ஜோதியம்மாள் பணியில் உள்ள வரை, அவருடைய பொறுப்பில், ஒரு நோயாளிக்கு ஓர் உறவினர் எந்நேரமும் உடனிருக்கலாம்.’ முதல் நான்கு சொற்கள் தலைவர் அவர்கள் முன்யோசனையோடு சேர்த்தவை.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும். இங்கே இருக்கிற பாதிப் பேர் அவரிடம் பாடம் படித்தவர்கள். மருந்தோ ஊசியோ எது வந்தாலும் உறவினர் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இது யாருக்கு? எதுக்கு? முன்னே குடுத்தது எப்போ? கேட்காவிட்டால் திட்டு! முன்பெல்லாம் வாயைத் திறந்ததற்குத் திட்டியவர், இப்போது திறக்காததற்குத் திட்டினார். திட்டு என்னவோ குறையவில்லை.

புளி வியாபாரி சாந்த் பாஷா அவர்கள் அதோ உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மனைவி முனவர் பேகம் பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் கிடந்தபோது, ஜோதியம்மாள் மருந்துக் கோப்பையோடு வந்து அசையாமல் நின்றார்.

“கேளுங்க, பாய்.”

“என்னத்தைம்மா கேக்கறது? நீங்க படிச்சவங்க.”

“படிச்சவ தப்புப் பண்ண மாட்டாளா? கேளுங்க.”

“உங்களைப் போய் நான் எப்படிம்மா...”

“சந்தையிலே ஒரு மணங்கு புளிக்கு எத்தனை கேள்வி கேப்பீங்க? சம்சாரத்துக்கு மூணு கேக்க மாட்டீங்களா?”

கட்டிலில் கிடந்த முனவர் பேகம், “நல்லாக் கேளுங்கம்மா! என்னையும் இவரு இப்படித்தான் கேக்காமலே கட்டிக்கிட்டாரு” என்றார். சாந்த் பாஷா அவர்கள் வியர்த்து விறுவிறுத்து மூன்றையும் கேட்டார். நான்காம் நாள் புது நர்ஸ் ஒருவர் மருந்தோடு வந்தபோது, “இதை விடிஞ்சதும் ஒருதரம் குடுத்தாச்சே தாயீ?” என்றார். பார்த்தால், கொடுத்தாகியிருந்தது. எழுதத்தான் மறந்திருந்தார்கள். ஜோதியம்மாள் அவர்கள் ஓடி வந்து, “நூத்துக்கு நூறு, பாய்!” என்றார். அதன் பிறகு சாந்த் பாஷாவை நிறுத்த முடியவில்லை. பினாயில் தெளித்தவரிடம் இது எதுக்கு என்று கேட்டார். என்னிடம் வந்து, நான் நிரப்பும் பாரம் யாருக்கு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்று வரை பதில் தெரியாது.

உறவினர்கள் எல்லாரும் தேவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கு மடியில் அதிரசம் கொண்டுவந்த மச்சான் உண்டு. தண்ணீர்ப் பானையில் கள்ளைக் கொண்டுவந்த சித்தப்பாவும் உண்டு. அவர்களையும் ஜோதியம்மாள் வெளியே அனுப்பவில்லை. அதிரசத்தைத் தாம் வாங்கி வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, ஏன் ஆகாது என்று தெலுங்கில் ஒருதரம், கன்னடத்தில் ஒருதரம் சொன்னார். பானையை நான் ஏற்றுக்கொண்டு அலுவலகத்தில் பத்திரப்படுத்தினேன்.

நண்பர்களே, சென்ற மாதம் அவரே படுத்தார். இருதயம். பெண்கள் வார்டில் மூன்றாம் எண் கட்டில். சேர்க்கைப் பாரத்தோடு நான் போனேன். ‘நெருங்கிய உறவினர்’ என்று ஒரு கட்டம்.

“யார் பேரை எழுதட்டும் அம்மா?”

“யாரும் இல்லை. ஒரு கோடு போடுங்க குமாஸ்தாரே. நேரா போடுங்க.”

போட்டேன். பதினான்கு வருஷத்தில் இதைவிடக் கஷ்டமான கோடு நான் போட்டதில்லை.

மூன்றாம் நாள் ரங்கம்மா வந்தார். பஸ் இல்லாத தூரத்தை நடந்தும் இருந்த தூரத்தை பஸ்ஸிலும் வந்து, கட்டில் பக்கத்தில் மூட்டையை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் முனவர் பேகம். அப்புறம் கெலமங்கலத்திலிருந்து, கல்லாவியிலிருந்து என்று முறை வைத்துக்கொண்டு வந்தீர்கள். அன்றிலிருந்து இருபத்திரண்டு நாளும் அந்த நாற்காலி ஒரு நேரமும் காலியாக இல்லை. டாக்டர் ஐயா ஊசியோடு வந்தால் ரங்கம்மா எழுந்து நிற்பார்.

“இவங்க பேர் என்ன, சொல்லுங்க சாமி.”

“ஏம்மா, எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா கூட வேலை செய்யறேன்.”

“தெரிஞ்சா சொல்லலாமில்ல? நான் புருசன் பேரையே சொன்னவ.”

டாக்டர் ஐயா அவர்கள், பதினோரு வருஷமும் அவரை ‘நர்ஸம்மா’ என்றே அழைத்தவர், “ஜோதியம்மாள்” என்றார். கண்ணை மூடிக் கிடந்த ஜோதியம்மாள் அவர்களின் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். “சரி, போடச் சொல்லு” என்றார் ரங்கம்மாவிடம்.

அவருக்கு எந்த ஊசியும் தவறாகப் போடவில்லை. எந்த வேளை மருந்தும் தவறவில்லை. அவர் யாருடைய பிழையாலும் போகவில்லை. இதை நான் அட்டையைப் பார்த்துச் சொல்லவில்லை; பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்.

இனி ஒரு விஷயம். வெள்ளிக்கிழமையிலிருந்து உங்களில் பலர் என் ஜன்னலுக்கு வந்து, இனி வார்டை விட்டு வெளியே போக வேண்டுமா, மறுபடி மரத்தடிதானா என்று கேட்டீர்கள். ஒரு அம்மாள் கேட்கக்கூட இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு புருஷன் கட்டிலைப் பார்த்தபடி நின்றார். தலைவர் அவர்களும், ‘பணியில் உள்ள வரை’ என்ற சொற்களை எனக்கு நினைவூட்டினார். நினைவூட்டியது முறைதான். தீர்மானம் தீர்மானம்தானே?

ஆகவே விதிப் புத்தகத்தை எடுத்து முறையாகப் படித்தேன். ஓர் ஊழியரின் பணி எப்போது முடிகிறது? பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்படும்போது. பெயரை எப்போது நீக்கலாம்? ஊழியர் தாமே விலகல் கடிதம் கொடுத்தால், அல்லது குழு அவரை விலக்கினால், அல்லது காலமாகியிருந்தால், நெருங்கிய உறவினர் மனு கொடுத்தால். இது குழுவே இயற்றிய விதி. பன்னிரண்டாம் பக்கம். தலைவர் அவர்களின் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது. ஜோதியம்மாள் அவர்களிடமிருந்து விலகல் கடிதம் எனக்கு வரவில்லை. அவரை விலக்க வேண்டும் என்று நினைக்கும் உறுப்பினர் மேடையில் இருந்தால், இந்தச் சபையின் முன்னே இப்போதே எழுந்து சொல்லலாம். காத்திருக்கிறேன்.

யாரும் எழவில்லை. நன்றி.

எஞ்சியது உறவினர். ஐந்நூறு பேர் வந்திருக்கிறீர்கள். அவரை அக்கா என்றும் அம்மா என்றும் கூப்பிட்டு அழுகிறீர்கள். உங்களில் எவராவது நான்தான் அவருடைய நெருங்கிய உறவினர் என்று மனு கொடுக்க விரும்பினால், அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. மனுவை வாங்கிப் பதிவுசெய்வது என் கடமை. செய்வேன்.

அம்மா! நீங்கள் பெருக்கிய தரையைப் பெருக்குவோம். நீங்கள் கேட்கச் சொன்ன மூன்று கேள்வியையும் கேட்போம். எங்களைக் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வோம். எனக்குத் திட்டத் தெரியாது. பழகிக்கொள்கிறேன்.

இன்று காலை வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஜோதியம்மாள் அவர்களின் பெயருக்கு நேரே ‘விடுப்பு’ என்று குறித்தேன். ஆண்கள் வார்டில் பன்னிரண்டு நோயாளிகளும் பன்னிரண்டு உறவினர்களும் இருக்கிறார்கள்.